ஆர்டிஸ் அண்ணி எழுந்து போனால் ஜெயிப்போம்

ஹாஸ்கெட், நெப்ராஸ்கா
செப்டம்பர் 8, 2002

அன்புள்ள ஆர்டிஸ் அண்ணிக்கு,

டுவைட் எழுதுவது. லோவெல் அண்ணனை அடக்கம் செய்த பிறகு நான் போட்ட எந்தக் கடிதத்துக்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில்கூட உங்கள் மகள் மார்சியாதான் கையெழுத்துப் போட்டிருந்தாள். பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் சின்னவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நானும் தட்டுகிறேன்.

விஷயம் இருக்கிறது அண்ணி. எழுபத்தேழில் நம் கல்லூரிப் பையன்கள் கால்பந்தில் டால்டன் கல்லூரியைக் கவிழ்த்தார்களே, அதற்கு இந்த நவம்பரோடு இருபத்தைந்து வருடம். பதினாறாம் தேதி டால்டனோடு இங்கே ஆட்டம். அன்றைக்கு ஆடியவர்களை எல்லாம் வரவழைத்து இடைவேளையில் மரியாதை செய்கிறார்கள். மெல் டுவோராக் வருகிறான். தலையில் ஒரு முடி இல்லையாம்.

இன்னொன்று. கிழக்குப் பக்கத்து மர இருக்கைகளை அடுத்த கோடையில் இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். பழைய ஆட்கள் இடத்தை வைத்துக்கொள்கிறார்களா, விடுகிறார்களா என்று இந்த வருட ஆட்டங்கள் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். பதினெட்டாம் வரிசையில் அண்ணன் இடமும் உங்கள் இடமும் போன வருடம் பூராவும் காலியாகக் கிடந்தன. வேறு எவனும் உட்காராமல் என் கோட்டைப் போட்டுக் காத்து வருகிறேன்.

நேற்று முதல் ஆட்டத்துக்குப் போனோம். வரிசையில் பேச்செல்லாம் எழுபத்தேழுதான். எத்தனை தடவை பேசினாலும் சலிக்கிறதா பாருங்கள். பனியும் மழையும் சேர்ந்து கொட்டிய நாள். இடைவேளையில் இருபத்தேழு புள்ளி டால்டனுக்கு, நமக்குச் சைபர். ஊரில் பாதி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது. பந்தை எறிகிற முதல் இரண்டு ஆட்டக்காரர்களும் அடிபட்டு உட்கார, வேறு வழியில்லாமல் மெல்லை இறக்கினார்கள். சோளக்கொல்லை பொம்மைபோல இருந்தான். ஓரமாய் நின்று வாந்தி எடுத்துவிட்டுத்தான் களத்துக்குள்ளேயே போனான்.

நீங்கள் கம்பளி எடுக்க வண்டிக்குப் போனீர்கள். போன கையோடு பந்து டால்டனின் எல்லைக் கோட்டைத் தாண்டியது, நமக்கு ஏழு புள்ளி. கம்பளியோடு வந்து உட்கார்ந்தீர்கள், நம் பையன் பந்தை நழுவவிட்டான். காபிக் குடுவை எடுக்க மறுபடி போனீர்கள், மறுபடி ஏழு. நீங்கள் திரும்பி வந்தபோது நார்லின் போதகர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூடநம்பிக்கை பாவம் என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்கிற மனுஷன். "ஆர்டிஸ், ரொம்பக் குளுருதே, வண்டியில போய் உக்காந்தா உனக்கு வசதியா இருக்குமே" என்றார். வரிசை முழுக்க ஆமென் சொன்னது. நீங்களும் சிரித்துக்கொண்டே போனீர்கள்.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் ஒன்று போதாது. மூன்றாவது தடவையும் கோட்டைத் தாண்டினோம். கடைசியில் நேரமே இல்லை. மெல் கையிலிருந்து பந்து வழுக்கிச் சேற்றில் விழுந்தது. தொலைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அதே பந்தை வாரிக்கொண்டு ஓடுகிறான். முதுகில் ஒருத்தன், காலில் ஒருத்தன். இரண்டு டால்டன் தடியன்களையும் இழுத்துக்கொண்டே போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தான். இருபத்தேழுக்கு இருபத்தேழு. அப்புறம் ஒரு புள்ளிக்கான அந்த உதை. பந்து கம்பத்தில் இடித்து, நின்று யோசித்து, உள்பக்கமாக விழுந்தது. இருபத்தெட்டு, இருபத்தேழு. என் கல்யாணத்தில்கூட நான் அப்படி அழுததில்லை. டாரதியிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஜெயிக்க வைத்தது நீங்கள்தான். வந்துவிடுங்கள் அண்ணி.

இப்படிக்கு,
டுவைட்


டூசான், அரிசோனா
செப்டம்பர் 19, 2002

டுவைட்,

கடிதம் வந்தது. நன்றாக எழுதுகிறாய். உன் அண்ணனுக்கு நாலு வரிக்கு மேல் எழுத வராது.

இங்கே பக்கத்து வீட்டில் மெக்சிகோக்காரி ஒருத்தி, பெயர் கிராசியேலா. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "காலே படாத ஆட்டத்துக்கு எவன் கால்பந்துன்னு பேரு வச்சான்?" என்று கேட்டாள். என் கொழுந்தன் மாதிரி ஆட்கள் இருக்கும் ஊரில் எதுவும் நடக்கும் என்றேன்.

அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது. நீ கண்ணால் பார்த்தாய், நான் காதால் பார்த்தேன். வண்டிக் கண்ணாடியெல்லாம் உறைபனி, வெளியே எதுவும் தெரியாது. ரேடியோதான் உலகம். வர்ணனை சொன்ன கிழவர் கஸ் டில்லர் எப்பேர்ப்பட்ட ஆள். ஒரு பையன் காலை ஊன்றினால் எந்தக் கால் என்று சொல்லுவார். மெல் முகத்தில் பயம் போய்விட்டது என்று அவர் சொன்னபோது என் முகத்திலும் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் கோட்டைத் தாண்டியதும் நான் ஹார்னை அமுக்கினேன். கடைசியில் உதைக்கு ஓடி வருகிறான் என்றார். அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே இரைச்சல். யார் இரைச்சல், நம்முடையதா அவர்களுடையதா என்று தெரியவில்லை. கதவைத் திறந்து பனிமழையில் இறங்கி நின்றேன். வாசலில் சீட்டுக் கிழிக்கிறவர் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். "யாரு? யாரு?" என்றேன். பதிலுக்கு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்படித்தான் தெரிந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

அன்று ஒரு நாளோடு போயிருந்தால் நானும் இன்று உங்களோடு சேர்ந்து சிரிப்பேன். நீங்கள் விட்டீர்களா? அதற்குப் பிறகு நாம் பின்தங்கினால் போதும், பதினெட்டாம் வரிசை மொத்தமும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்கும். யாரும் போ என்று வாய் திறந்து சொன்னதில்லை. அது வேறு மரியாதை. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். ஜெயித்தால் நான் போனதால் ஜெயித்தோம். தோற்றால் நான் தாமதமாகப் போனதால் தோற்றோம். இத்தனை வருடத்தில் இழுபறியாய்ப் போன ஒரு ஆட்டத்தின் முடிவைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை டுவைட். சாமி ஊர்வலம் பார்க்கப் போனவளைச் செருப்புக்குக் காவல் வைத்த கதைதான்.

அதையும் விடு. இரண்டாயிரம் நவம்பர். லோவெலை நீயும் பக்கத்து இருக்கை ஹேங்க்கும் கைத்தாங்கலாகப் படியேற்றினீர்கள். அவருக்கு மூச்சு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். அதுதான் அவருக்குக் கடைசி ஆட்டம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். நாலு புள்ளி பின்னால் இருந்தோம். நீ திரும்பிப் பார்த்தாய். நான் போனேன். ஜெயித்தோம். வண்டிக்கு வந்து சேர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது, பேச முடியாமல் அப்படியே தூங்கிவிட்டார். அவர் கடைசியாகத் துள்ளியதை ஊரே பார்த்தது. கட்டினவள் பார்க்கவில்லை.

இடங்களை விட்டுவிடு. எனக்கு வேண்டாம்.

ஆர்டிஸ்


ஹாஸ்கெட்
அக்டோபர் 1, 2002

அண்ணி,

நான் ஒருத்தன்தான் திரும்பிப் பார்த்தேனா? போதகர் பார்த்தார், ஹேங்க் பார்த்தான், டாரதி பார்த்தாள். சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், லோவெல் அண்ணனும்தான் பார்த்தார். நீங்கள் ஒரு தடவையாவது "மாட்டேன்" என்று சொன்னீர்களா? பிடிக்கவில்லை என்று நாங்கள் ஜோசியம் பார்த்தா தெரிந்துகொள்வது? இடங்களை விட்டுவிடச் சொல்கிறீர்கள். சரி, விட்டுவிடுகிறேன். உங்கள் இஷ்டம்.

டுவைட்

மறுநாள். மேலே இருப்பதை உறையில் போட்டுத் தபால்பெட்டி வரை போய்விட்டு, போடாமல் திரும்பி வந்தேன். டாரதி வாங்கிப் படித்துவிட்டு, "இதப் போட்டீங்கன்னா நீங்களும் வண்டியில போய்த் தூங்கிக்கங்க" என்றாள். அடித்துவிட்டு வேறு எழுதலாம்தான். ஆனால் கோபமும் உங்களுக்குத் தெரியட்டும்.

நீங்கள் ஒன்றைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அண்ணன் அன்றைக்குத் துள்ளவில்லை. நீங்கள் படியிறங்கிப் போன பிறகு அவர் ஆட்டத்தையே பார்க்கவில்லை. கழுத்தை வளைத்து, வண்டிகள் நிற்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து நம் வண்டி தெரியாது, வேலிதான் தெரியும். நான் அவர் முழங்கையைப் பிடித்து, "அண்ணா, இந்தப் பக்கம் பாருங்க, கோட்டுகிட்ட வந்துட்டோம்" என்றேன்.

"நீ பாரு. அவ ஹார்ன் அடிப்பா, எனக்கு அது போதும்" என்றார்.

பையன் கோட்டைத் தாண்டினான். எல்லோரும் எழுந்து கத்துகிறோம், அவர் மட்டும் உட்கார்ந்து ஒரு கையைத் தூக்கி எங்களை அமர்த்துகிறார். சத்தம் போடாதே, கேட்க விடு என்று. அப்புறம் ஹார்ன் கேட்டது. நீங்கள் நீளமாக அடித்தீர்கள். "அவதான்" என்றார். கண்ணில் தண்ணீர். முகம் சிவந்திருந்தது அதனால்தான். அன்றைக்கு அவர் பார்த்த ஆட்டம் வேலிக்கு அந்தப் பக்கம் நடந்தது அண்ணி. இதை அடக்கத்தன்றே சொல்லியிருப்பேன், நீங்கள் என் பக்கமே திரும்பவில்லை.

டுவைட்


டூசான்
அக்டோபர் 14, 2002

டுவைட்,

படித்தேன். மார்சியாவுக்கும் படித்துக் காட்டினேன்.

கடைசி ஹார்னை நீளமாக அடித்தது கோபத்தில். அவருக்கு அது தெரிந்திருக்கும். முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தினவர்.

பதினாறாம் தேதிக்கு வருகிறேன். ஒரு நிபந்தனை. கடைசி நொடி வரை என் இடத்தை விட்டு எழமாட்டேன். நாம் ஐம்பது புள்ளி பின்னால் இருந்தாலும் சரி, மூன்று புள்ளி பின்னால் இருந்தாலும் சரி. எப்படி முடிகிறதோ அதை என் கண்ணால் பார்க்க வேண்டும். வரிசையில் எல்லோரிடமும் இப்போதே சொல்லிவிடு. அங்கே வந்த பிறகு கழுத்துகள் திரும்பினால், இடங்களை டால்டன்காரனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவேன்.

காபி நான் கொண்டு வருகிறேன். டாரதி காபியைக் குடித்துத்தான் மெல்லுக்கு அன்று வாந்தி வந்தது என்று இன்னும் சந்தேகப்படுகிறேன்.

ஆர்டிஸ்


ஹாஸ்கெட்
அக்டோபர் 27, 2002

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் வருவதில் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. டாரதி மேல் அறையைத் துடைத்து வைத்திருக்கிறாள். காபி பற்றி நீங்கள் எழுதியதையும் படித்துவிட்டாள், அதை நேரில் பேசிக்கொள்ளுங்கள்.

வரிசைக்குச் சொல்லிவிட்டேன். சும்மா சொல்லவில்லை, தேவாலயத்துக் கீழறையில் எல்லோரையும் உட்கார வைத்து, பீன்ஸ் குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டியும் வயிறு நிறையப் போட்ட பிறகுதான் சொன்னேன். உங்களுக்கு நிலைமை தெரியாது. இந்த வருடம் நம் பையன்கள் அடித்து நொறுக்குகிறார்கள். டால்டனை ஜெயித்தால் பட்டம் நமக்கு. எழுபத்தேழுக்குப் பிறகு முதல் பட்டம். இத்தனை வருடமாக இந்த ஊர் எதற்குத் தவம் கிடந்ததோ அது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

ஹேங்க்தான் முதலில் பேரம் பேசினான். "மூணே மூணு புள்ளி பின்னாடி இருந்தா? கொஞ்ச நேரம் மட்டும், கழிவறைக்குப் போற மாதிரி?" என்றான். போதகர் அவனை அதட்டினார். இது மூடநம்பிக்கை, வெட்கமாக இல்லையா என்றார். வெளியே வரும்போது என்னைத் தனியாக அழைத்து, "டுவைட், உண்மையிலேயே உறுதியா இருக்காங்களா?" என்று கேட்டார்.

உறுதி என்றேன். எல்லோரும் கையைத் தூக்கி ஒப்புக்கொண்டார்கள். நானும் தூக்கினேன். உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்? நான் நம்புகிறவன். சின்ன வயதில் நம்பிய எதை எதையோ விட்டுவிட்டேன், இதை மட்டும் விட முடியவில்லை. அன்று நீங்கள் போனீர்கள், புள்ளி வந்தது. என் கண்ணால் பார்த்தேன். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

விமான நிலையத்தில் நிற்பேன்.

டுவைட்


ஹாஸ்கெட்
நவம்பர் 19, 2002

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று மார்சியா தொலைபேசியில் சொன்னாள்.

டால்டனுக்கு இருபத்துநான்கு, நமக்கு இருபத்தொன்று. எழுதவே கை வரவில்லை. ஊர் இழவு வீடு மாதிரி இருக்கிறது. முடிதிருத்தும் கடையில் முடியை மட்டும் வெட்டிக்கொண்டு போகிறார்கள். ஹேங்க் இரண்டு நாளாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் யோபின் பொறுமை பற்றிப் பிரசங்கம் செய்தார். பாதியில் அவருக்கே பொறுமை போய், "கடைசி ரெண்டு நிமிஷத்துல எவனாவது பந்தை அப்படி எறிவானா?" என்று கேட்டுவிட்டார்.

நம் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். பதினான்கு புள்ளி பின்னால் இருந்து எழும்பி வந்தார்கள். அந்தக் கடைசி ஓட்டம் எழுபத்தேழுக்கு ஒரு மாற்றும் குறைவில்லை. ஒரு முழம் இருந்தால் கோடு. டால்டன்காரன் காலைப் பிடித்துவிட்டான். மெல் டுவோராக் பக்கத்தில் நின்று பார்த்தவன், விழுந்த நம் பையனுக்கு முன்னால் தன் தொப்பியைக் கழற்றினான். எத்தனை பேர் கவனித்தார்களோ.

வேறு ஒன்றுமில்லை. ஊரில் சிலர் சில விதமாகப் பேசுவார்கள். உங்கள் காதுக்கு வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

இடங்களுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

டுவைட்


டூசான்
நவம்பர் 21, 2002

அன்புள்ள டுவைட்,

இத்தனை கடிதத்தில் உன்னை அன்புள்ள என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. கவனித்திருப்பாய், நீ அப்படிப்பட்டவன்.

ஊர் என்ன பேசுகிறது என்று எனக்குத் தெரியும். ஹேங்க்கின் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டு, யாரும் என்னைக் குறை சொல்லவில்லை என்று வெகுநேரம் சொன்னாள்.

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். கடைசி நிமிடத்தில் வரிசையில் ஒரு கழுத்தும் திரும்பவில்லை. எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தீர்கள். ஹேங்க் கையால் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். நீ எப்படி இருந்தாய் என்றும் பார்த்தேன். இந்தப் பட்டத்துக்காக நீ எத்தனை வருடம் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பையன் கோட்டை நோக்கி ஓடத் தொடங்கினபோது எனக்கே தாங்கவில்லை. பிள்ளைகள் பாவம், நான் போய்விட்டால் ஜெயித்துவிடுவார்களே என்று தோன்றிவிட்டது. இவ்வளவு வீறாப்பாக நிபந்தனை போட்டவள், கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டேன்.

நீ என் கோட்டைப் பிடித்து இழுத்தாய். "உக்காருங்க அண்ணி. பாருங்க" என்றாய்.

நான் போனால் ஜெயிப்போம் என்று அங்கே யாரையும்விட அதிகமாக நம்புகிறவன் நீ. நானே போகிறேன் என்று எழுந்தேன். யாரும் உன்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. சும்மா இருந்திருந்தால் போதும். நீ சும்மா இருக்கவில்லை. எழுபத்தேழில் மெல் செய்ததை நீ இருபத்தைந்து வருடமாகப் புகழ்கிறாய். நியாயம்தான். சனிக்கிழமை நீ செய்ததை நான் உயிருள்ளவரை புகழ்ந்துகொண்டிருப்பேன்.

முடிவைப் பார்த்தேன் டுவைட். பையன் விழுந்ததைப் பார்த்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் பந்தை வைத்துக்கொண்டு தரையில் கிடந்ததையும், அவனைத் தள்ளிவிட்ட டால்டன் பையனே கைகொடுத்துத் தூக்கியதையும் பார்த்தேன். அப்புறம் நீங்கள் எல்லோரும் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தபோது நம் பையன்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு பேண்டு வாத்தியக்காரர்களுக்கு முன்னால் வரிசையாய் நின்று கல்லூரிப் பாட்டைப் பாடினார்கள். ஜெயித்த நாளில் பாடுவதைப் பார்த்திருக்கிறேன். தோற்ற நாளிலும் பாடுவார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் ஆண்பிள்ளைகள் வண்டிக்கு வந்து கதவை அறைந்து சாத்துவீர்கள், வீடு வரை பேசமாட்டீர்கள். அவர்கள் அழுதுகொண்டே பாடுவார்கள் என்று ஒருத்தராவது எனக்குச் சொன்னீர்களா?

எழுபத்தேழில் நான் காதால் கேட்டது பெரியதுதான். ஆனால் இதை நான் பார்த்தேன்.

கல்லூரிக்கு இன்று காலை நானே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். இரண்டு இடமும் வேண்டும். லோவெல் இடத்தில் மார்சியா உட்காருவாள். செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்கு வந்துவிடுவோம். வரிசையில் சொல்லிவை. அவர்களை ஜெயிக்க வைக்க நான் வரவில்லை, பார்க்க வருகிறேன்.

உன் அண்ணி,
ஆர்டிஸ்